மணிக்கணக்கு தெரியாத படகு

அண்ணனுக்கு நீந்தத் தெரியாது. எனக்கும் தெரியாது. நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் நீந்தத் தெரிந்தவர் என்று யாரையும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. ஆற்றில் தண்ணீர் இடுப்பைத் தொட்டால் கரையேறிவிடுவோம். ஈயக்குட்டைப் பக்கம் போனது தெரிந்தால் முதுகில் விழும். ஈயம் தோண்டி முடித்து அப்படியே விட்டுப்போன குட்டைகள் அவை. ஓரத்தில் கணுக்கால்தான் நனையும், அடுத்த அடி வைத்தால் காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். அப்படி ஒரு குட்டையில் படகு ஓட்டும் வேலை கிடைக்கப்போகிறது என்று அண்ணன் வந்து சொன்னபோது அம்மா விளக்கேற்றினார். எனக்கு அந்த அடுத்த அடிதான் நினைவுக்கு வந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் தோட்டம் கைமாறி, பால்மரங்களைச் சாய்த்துவிட்டார்கள். லயத்து வரிசை வீட்டைவிட்டு ஈப்போ நகரத்தின் விளிம்பில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருந்தோம். அண்ணன் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். பட்டணத்தில் அந்தத் திறமையை யாரும் கேட்கவில்லை. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவார், மத்தியானம் அதே சட்டை கசங்காமல் திரும்பி வருவார். நான் பாலிடெக்னிக்கில் இயந்திரப் படிப்பு முடித்து, சுரங்கங்களின் தண்ணீர் பம்புகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் சேர்ந்திருந்தேன். வீட்டில் சம்பளக்காரி நான் ஒருத்திதான். அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போது தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிடுவார்.

கோப்பெங் பக்கம் கைவிட்ட குட்டை ஒன்றை ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, குத்தகைக்கு எடுத்திருந்தார். விடுமுறை நாட்களில் வேகப்படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துத் தண்ணீர்மேல் சறுக்கும் விளையாட்டை அங்கே நடத்துவது அவர் எண்ணம். மற்ற நேரத்தில் குடும்பங்களை ஏற்றிக் குட்டையைச் சுற்றிக் காட்டலாம். அதற்கென்றே செய்த பழைய படகு ஒன்று, ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரை வைத்திருந்தது, சிம்பாங் பூலாய் தாண்டி ஒரு பழைய தோட்டத்தில் விலைக்குக் கிடந்தது. அதன் இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தவுக்கே தயங்கினார். அண்ணன் குறுக்கே புகுந்துவிட்டார்.

"தங்கச்சி வந்து பாக்கும்னு சொல்லிட்டேன்லா. நீ சரின்னு சொன்னா அவரு வாங்குறாரு. அவரு வாங்குனா நாந்தான் டிரைவரு" என்றார்.

"சரியில்லன்னா?"

"ஏன் மொதல்லயே அப்படிக் கேக்குற?"

அன்றிரவு பார்க்கவேண்டியவற்றை மனதுக்குள் வரிசை போட்டுக்கொண்டேன். பட்டறைக்கு வரும் பம்பு இன்ஜினில் மணிக்கணக்கு மீட்டர் இருக்கும். அது பொய் சொன்னாலும் இன்ஜின் பொய் சொல்லாது. ஆண்டுகள் பெரிதல்ல, ஓடிய மணிதான் தேய்மானம் என்று படித்திருந்தேன். மீட்டர் இல்லையென்றால் தேய்ந்த இடங்களைத் தேடவேண்டும். ஸ்டியரிங்கின் ஆட்டம். கை பட்டுப் பட்டு வழவழப்பான நெம்புகோல். ஓட்டுநர் இருக்கையின் பள்ளம். கயிறு கட்டும் தூணில் கயிறு அறுத்த தடம். தண்ணீருக்கடியில் சுற்றும் விசிறியின் ஓரங்கள். எண்ணெயின் நிறம். பிளக்கின் நுனி. கடைசியாக சிலிண்டர்களின் அழுத்தம். இப்படி அடுக்கியதும் பயம் கொஞ்சம் அடங்கியது. பயம் வரும்போதெல்லாம் நான் செய்வது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் மோட்டார்சைக்கிளில் போனோம். என் மடியில் அழுத்தமானியும் ஸ்பேனர் பையும். ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. வழியிலிருந்த லாரிகளின் முன்கண்ணாடியில் சந்தனக் கோடுகள் இன்னும் அழியாமல் இருந்தன.

தோட்டத்தின் பழைய புகைக்கூட்டில், முன்பு ரப்பர் தகடுகளைத் தொங்கவிட்டுக் காயவைத்த இடத்தில், படகு டிரெயிலரின் மேல் நின்றது. அது பளபளத்தது.

தோட்டத்தை வாங்கியிருந்தது செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்று. அந்த வீட்டு மகன், முப்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளைச் சட்டையில் வந்து வரவேற்றார். பூஜைக்காக எல்லாவற்றையும் செய்துவைத்திருப்பதாகப் பெருமையோடு சொன்னார். இன்ஜினை டீசல் ஊற்றித் தேய்த்துக் கழுவி, மேலே பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புது எண்ணெய். இருக்கைகளுக்குப் புது உறை. தூணை மணல் தாளால் தேய்த்து வெள்ளை அடித்தாயிற்று. விசிறியின் ஓரங்களை அரம் போட்டுச் சமன்செய்திருந்தார்கள். மணிக்கணக்கு மீட்டர் இருந்திருக்கவேண்டிய வட்ட ஓட்டையில் வட்டமாகவே வெட்டிய பிள்ளையார் படம் ஒட்டியிருந்தது. கையைப் பலகைக்கு அடியில் விட்டுத் தடவினேன். டேப் சுற்றிய இரண்டு கம்பி முனைகள்தான் அகப்பட்டன. அப்பா தோட்டத்தை வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் என்றார் அவர்.

அவர் என்னை ஏமாற்றப் பார்க்கவில்லை. அதுதான் கஷ்டம். எங்கள் வீட்டிலும் பூஜைக்கு முந்தைய நாள் தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டோம், அண்ணன் மோட்டார்சைக்கிளைக் கழுவினார், என் ஸ்பேனர்களில்கூட அம்மா குங்குமம் வைத்திருந்தார். அழுக்கோடு ஒரு கருவியைச் சாமி முன்னால் வைக்க நம்மவர்களுக்கு மனம் வராது. ஆனால் நான் படிக்க வந்ததே அந்த அழுக்கைத்தான். என் வரிசையில் பாதிக்குமேல் அந்த ஒரே பூஜையில் கழுவப்பட்டுவிட்டது.

தவுக்கே தன் காரில் வந்து சேர்ந்தார். நான் படகுக்கு அடியில் குனிந்து விரல் கணுவால் தட்டிக்கொண்டே நகர்வதைப் பார்த்து, படகுக்குக் காய்ச்சலா என்று மலாயில் கேட்டார். செட்டியார் வீட்டு மகன் சிரித்தார்.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்ககூட பொண்ண இப்படித் தட்டிப் பாக்க மாட்டாங்கம்மா."

"பொண்ணு தண்ணியில முங்காதுங்க" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள், என்னைத் தவிர.

கழுவ முடியாதவற்றுக்குப் போனேன். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்த்தேன். முள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து நின்றது. ஒன்றுக்கொன்று ஒட்டி இருந்தால் இன்ஜின் சமமாகத் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அளவும் குறைந்திருக்கவில்லை, ஸ்டியரிங்கிலும் ஆட்டம் குறைவு. மணி தெரியாவிட்டாலும் அதிகம் உழைக்காத இன்ஜின் என்று சொல்லலாம் என்று தோன்றியது. அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை லேசாக அசைத்ததும் அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

ஆனால் என் பயம் போகவில்லை. ஓடாமல் நின்ற இன்ஜின் நல்ல இன்ஜின் என்று அர்த்தமில்லை. அதிகம் ஓடாத படகு அந்த ஆண்டுகளையெல்லாம் எங்கே கழித்தது? புகைக்கூட்டின் கூரைத் தகரத்தில் பல இடங்களில் வானம் தெரிந்தது.

தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றேன். டிரெயிலரைச் செட்டியார் வீட்டு ஜீப்பில் கட்டித் தவுக்கேயின் குட்டைக்கு இழுத்துப்போனோம். நாலு பக்கமும் வெள்ளை மணல், பின்னால் சுண்ணாம்பு மலை, நடுவில் பச்சையும் நீலமுமாக அசையாத தண்ணீர். பார்க்க அழகான இடம். நான் விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றேன்.

துரை விட்டுப்போன மிதவைச் சட்டைகள் இரண்டு இருந்தன. ஆளுக்கொன்றைப் போட்டுக்கொண்டோம். எலி கடித்திருந்த அவற்றை நம்பலாமா என்பது தனிக் கேள்வி. அண்ணன் ஸ்டியரிங்கில், நான் நடுவிலிருந்த இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில். பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே பார்த்தேன். தண்ணீரைப் பார்க்காமல் இருக்க அது ஒரு வழி.

இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது. அண்ணன் நெம்புகோலைத் தள்ளத் தள்ள முன்பக்கம் எழும்பி, பிறகு தாழ்ந்து, படகு தண்ணீர்மேல் வழுக்கியது. ஓசையில் ஒரு குறையும் இல்லை. வெப்பமானியின் முள் நடுவில் நின்றது. அண்ணன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். டிராக்டரைவிட்ட பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பும் என்னைப் பயமுறுத்தியது. என்ன கேட்டாலும் இல்லையென்று சொல்ல முடியாத முகம் அது.

கூர்மையாகத் திரும்பியபோது மட்டும் காலடியில் ஏதோ நெளிந்தது. சத்தம் இல்லை. நின்றுகொண்டிருக்கும் பலகை ஒரு கணம் மெத்தை ஆனதுபோல. இன்னொரு தடவை திரும்பச் சொன்னேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. என் கால்தான் நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கரைக்கு வந்து படகை டிரெயிலரில் ஏற்றினார்கள். தவுக்கே அண்ணனின் தோளில் தட்டினார். செட்டியார் வீட்டு மகன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். நான் மட்டும் கைவிளக்கை எடுத்துக்கொண்டு திரும்பவும் படகில் ஏறி இன்ஜின் பெட்டிக்குள் குனிந்தேன்.

பூஜை செய்தவர்கள் ஓர் இடத்தையும் விட்டுவைக்கவில்லை. இன்ஜினின் தலையில், வடிகட்டியில், இன்ஜினைப் படகோடு பிணைக்கும் நான்கு கால்களின் போல்ட் தலைகளில், எங்கும் சந்தனத்தின்மேல் குங்குமப் பொட்டு. இன்ஜின் சூட்டில் மேலே இருந்தவை காய்ந்து உதிர்ந்திருந்தன. முன்கால்களில் இருந்தவை அப்படியே இருந்தன. பின்பக்கம் இடதுகால் போல்ட்டில் மட்டும் பொட்டு இல்லை. அது கரைந்து, சிவப்பாகப் பக்கவாட்டில் வழிந்திருந்தது. ஒரு கணம் யாருக்கோ கையில் வெட்டுப்பட்டிருக்கிறது என்றே நினைத்தேன்.

வெளியிலிருந்து தெறித்த தண்ணீரா என்று பார்த்தேன். சுற்றிலும் ஈரமில்லை. பக்கத்துப் போல்ட் காய்ந்து கிடந்தது. அந்தப் போல்ட்டின் கழுத்தைச் சுற்றிப் புதுப் பச்சை வர்ணத்தில் மயிரிழை அளவு வட்டமாக வெடிப்பு. அந்த வெடிப்பிலிருந்துதான் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து மேலே.

என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இந்தப் படகுகளின் உடல் ஃபைபர். ஆனால் அடியில் நீளவாக்கில் மரச்சட்டங்கள் ஓடும், அவற்றையும் ஃபைபர் போர்த்தி மூடியிருப்பார்கள். இன்ஜினின் மொத்த எடையும் அந்தச் சட்டங்களில் முடுக்கிய போல்ட்களில்தான் நிற்கிறது. கூரை ஒழுகி ஆண்டுக்கணக்கில் இறங்கிய தண்ணீர், போல்ட் ஓட்டை வழியாக உள்ளே போய் மரத்தில் ஊறியிருக்கிறது. ஓடும்போது இன்ஜின் குலுங்கியதில், பஞ்சைப் பிழிந்ததுபோல அது வெளியே வந்திருக்கிறது.

ஸ்பேனரைப் போட்டேன். பலத்தோடு அழுத்தத் தயாராக இருந்தேன், தேவைப்படவில்லை. இரண்டு சுற்றுக்குப் பிறகு விரலாலேயே போல்ட் மேலே வந்தது. அதன் மரைகளில் கறுப்பாக, ஊறிய தேயிலைச் சக்கை மாதிரி ஒன்று அப்பியிருந்தது. மரத்தின் வாசனை அதில் இல்லை.

அண்ணன் டிரெயிலர் சக்கரத்தில் ஏறி நின்று எட்டிப் பார்த்தார். டிராக்டர் ஓட்டியவருக்கு நான் விளக்கவேண்டிய அவசியமில்லை. மற்ற இருவரும் ஜீப்புக்குப் பக்கத்தில் வெற்றிலை போட்டபடி பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என் கையிலிருந்த போல்ட்டை வாங்கினார், துண்டால் ஒரு தடவை துடைத்தார், ஓட்டைக்குள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அது சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"நல்லாத்தான ஓடுச்சு" என்றார், மெதுவாக.

"ஆமா, ஓடுச்சு."

"எவ்ளோ நாளு தாங்கும்?"

"தெரியாதுண்ணே."

"ஒரு வருசம்? நான் வேலையில நின்னுட்டா அப்பறம் தவுக்கேகிட்டச் சொல்லி மரத்த மாத்திக்கலாம்லா."

"ஒரு வருசமும் இருக்கலாம். அடுத்த திருப்பத்துலயும் போகலாம். தெரியாது."

இன்ஜினின் மணிக்கணக்கைத் தோராயமாகவாவது கணிக்கலாம். மூடிய ஃபைபருக்குள் அழுகும் மரத்துக்குக் கணக்கே இல்லை. இன்ஜின் ஒரு பக்கம் பெயர்ந்தால் அதிலிருந்து விசிறிக்குப் போகும் தண்டு வளையும். தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு போகிற இடம் கிழியும். பிறகு தண்ணீர்தான். நீந்தத் தெரியாத ஓட்டுநர், எலி கடித்த மிதவைச் சட்டை, பின்னிருக்கையில் யார் வீட்டுப் பிள்ளைகளோ. இதையெல்லாம் அங்கே வைத்து அவரிடம் வரிசையாகச் சொல்லவில்லை, பிறகு ஒரு நாள்தான் சொன்னேன்.

தவுக்கே வந்து, எப்படி, நல்லதுதானே என்று கேட்டார். நான் போல்ட்டைத் திரும்ப வெளியே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அடியிலுள்ள சட்டம் அழுகிவிட்டது, எவ்வளவு தூரம் என்று பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது என்று மலாயில் சொன்னேன். அவர் சக்கையை விரலில் நசுக்கிப் பார்த்தார். இதைவிட நீளமான போல்ட் போட்டால் அடிமரத்தைப் பிடிக்காதா என்று கேட்டார். பிடிக்கலாம், அழுகல் அடிவரை போகவில்லை என்றால் என்றேன்.

செட்டியார் வீட்டு மகனின் முகம் சுருங்கிவிட்டது.

"துரை காலத்துலேருந்து ஓடுன போட்டும்மா. ஒரு நாள் ஒண்ணு ஆனதில்ல. ஒரு போல்ட்ட வச்சுச் சாமானையே கெட்டதுன்னு சொல்லலாமா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இதுவரை அது ஓடியிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. நான் சொல்வது இனி நடக்கக்கூடிய ஒன்றை. அதற்கு என் கையில் இருந்தது ஒரு சிட்டிகை கறுப்புச் சக்கை மட்டும்.

தவுக்கே யோசித்தார். கடைசியில், ஓட்டப்போகிறவர் சொல்லட்டும் என்று அண்ணன் பக்கம் திரும்பினார். நீளமான போல்ட் போட்டுத் தருகிறேன், ஓட்டுகிறாயா?

அண்ணன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ கூட ஏறு. இப்பவே இன்னொரு ரவுண்டு போலாம். நீ ஏறுனா நான் இந்த வேலைய எடுத்துக்கிறேன்."

கோபத்தில் சொன்னதல்ல. அவருக்கு வேறு மீட்டர் இல்லை. என்னை வைத்து அளந்துகொள்ளப் பார்த்தார்.

"ஏற மாட்டேண்ணே."

"நான் மட்டும் போனா?"

"போங்க. ஆனா ஏதாச்சும் ஆனா அம்மாகிட்ட வேற யாரையாச்சும் போய்ச் சொல்லச் சொல்லுங்க. என்னால முடியாது."

தவுக்கே போல்ட்டைப் படகின் ஓரத்தில் வைத்துவிட்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் மிதவைச் சட்டையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது, அவிழ்க்க நேரமானது. யாரும் உதவவில்லை, நானும் உதவவில்லை. அவிழ்த்து முடித்ததும் அதை மடித்து இருக்கையில் வைத்தார்.

"வேணாந் தவுக்கே" என்றார்.

வீட்டில் அம்மா கேட்டபோது அண்ணன், படகு சரியில்லமா, அந்த வேலை இல்ல என்று மட்டும் சொன்னார். நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லவில்லை. அன்று இரவும் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகுதான் பயம் வேறு மாதிரி பிடித்தது. நான் சொன்னது சரிதானா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. இன்ஜினைத் தவறாகக் கணித்தால் அது என்றாவது நின்றுபோய்க் காட்டிக்கொடுக்கும். ஓடாத படகு எதையும் காட்டாது. அழுகல் அந்த ஒரு போல்ட்டோடு நின்றிருக்கலாம். நீளமான போல்ட் போதுமானதாக இருந்திருக்கலாம். அண்ணன் கசங்காத சட்டையோடு வீடு திரும்பும் ஒவ்வொரு மத்தியானமும் இது எனக்குள் ஓடியது.

சில மாதம் கழித்து அவருக்கு மரம் ஏற்றும் லாரி ஒன்றில் வேலை கிடைத்தது. ஒரு நாள் சிம்பாங் பூலாய் கடையில் தேநீர் குடிக்கும்போது செட்டியார் வீட்டு மகனைப் பார்த்திருக்கிறார். படகைத் தைப்பிங்காரர் ஒருவர் வாங்கிப் போய்விட்டார் என்று அவர் சொன்னாராம். போல்ட்டைப் பற்றி வாங்கியவரிடம் சொன்னீர்களா என்று அண்ணன் கேட்டாராம். புதுப் போல்ட் போட்டுத்தான் கொடுத்தேன் என்று பதில் வந்ததாம்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது, அண்ணன் விடுப்பு எடுத்து, படகை வாங்கியவரைத் தேடித் தைப்பிங் போய்த் திரும்பிய பிறகு. மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றார். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். வாங்கியவர் ஒரு மலாய்க்காரர், கவர்ன்மெண்டு ஆபீசில் வேலை. ஏரியில் இரண்டு தடவை குடும்பத்தோடு போய் வந்தாயிற்றாம். ஒன்றும் ஆகவில்லையே என்று சிரித்தாராம். அண்ணனை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாராம்.

"பிரிச்சுப் பாருங்கன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். மரம், தண்டு, எல்லாம் நீ சொல்ற மாதிரியே சொன்னேன். தலைய ஆட்டிக்கிட்டாரு." அண்ணன் துண்டைக் கொடியில் போட்டார். "அவரு புள்ளைங்களும் அங்கதான் நின்னாங்க. மூணு பேரு. போட்டு போலாமா போலாமான்னு கேட்டுக்கிட்டே."

மறுநாள் காலையிலிருந்து நாளிதழ் வந்தால் எனக்கு முன்னால் அண்ணன் எடுத்துக்கொள்வார். உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் தைப்பிங் என்று எங்காவது இருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துப் படித்துவிட்டு, என் பக்கம் தள்ளுவார்.